‘ஸ்ட்ரெயிட்டன்ட் சர்கம்ஸ்டன்சஸ்’ என்றால் வறுமைதானா?

வானதி (கேள்வி)

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பில் சிக்கி நிற்கிறேன். 1840களில் இங்கிலாந்தில் வளர்ந்த ஒரு பெண்மணி வயதான காலத்தில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள். அப்பா கிராமத்துப் பாதிரியார். அவர் இறந்தபின் அம்மாவும் மூன்று பெண்களும் ‘ஸ்ட்ரெயிட்டன்ட் சர்கம்ஸ்டன்சஸ்’இல் வாழ்ந்ததாக எழுதுகிறார்.

அகராதிகளைப் புரட்டினால் வறுமை, ஏழ்மை, பணநெருக்கடி என்று வரிசையாக வருகிறது. சரி, ‘வறுமையில் வாடினோம்’ என்று போடலாம் என்றால் அடுத்த பக்கமே இடிக்கிறது. வேலைக்காரப் பெண் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். மூத்தவளுக்குப் பியானோ சொல்லித்தர ஆள் வருகிறார். வறுமையில் வாடுகிற வீட்டில் வேலைக்காரி எப்படி? படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இதே நூலில் வேறு சிலரைப் பற்றியும் இப்படிச் சொற்கள் வருகின்றன. நிலக்கரி வியாபாரம் செய்த சித்தப்பா ‘பாங்க்ரப்ட்’ ஆகிறார். துணி தைக்க வரும் விதவை ‘டெஸ்டிட்யூட்’. ஒரு பெரிய அத்தை ‘பெனுரியஸ்’. எல்லாவற்றுக்கும் வறுமை என்றே போட்டால் ஆசிரியை வேறு வேறு சொல் தேடி எழுதியது வீணாகிவிடும். இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று யாராவது விளக்க முடியுமா? எது பெரிய வறுமை, எது சின்ன வறுமை என்று வரிசைப்படுத்திக் கொடுத்தாலும் போதும்.

இன்னொன்று. என்னிடம் இருக்கும் மின்பதிப்பில் இந்தச் சொல் ஓரிடத்தில் நடுவில் ஜி, ஹெச் எழுத்துகளோடும் இன்னோரிடத்தில் அவை இல்லாமலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

விரைவுரயில்

ஜி, ஹெச் போட்டதுதான் சரியாக இருக்கும். ஸ்ட்ரெயிட் என்றால் நேர். ஸ்ட்ரெயிட்டன் என்றால் நேராக்குவது. அதனால் ‘நிலைமை சீரான பிறகு’ என்று அர்த்தம் வரும். வேலைக்காரி, பியானோ எல்லாம் அதோடு பொருந்துகிறதே!

மெய்ப்புக்காரர்

விரைவுரயில் தம்பி, அழகாகப் பொருந்துகிறது, ஆனால் தவறு. அப்பா செத்ததும் நிலைமை சீரானது என்று அந்த அம்மாள் எழுதினால் அது வேறு மாதிரி நூலாகிவிடும்.

வானதி அம்மா, முதலில் எழுத்துச் சிக்கலை முடித்துவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஜி, ஹெச் உள்ளது நேர் என்ற பொருள் கொண்ட சொல், பழைய ஆங்கிலத்தில் ‘நீட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. ஜி, ஹெச் இல்லாத ஸ்ட்ரெயிட் இலத்தீன் ‘ஸ்ட்ரிக்டஸ்’ வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இறுகக் கட்டியது, ஒடுங்கியது என்று பொருள். ஸ்ட்ரிக்ட் என்கிறோமே, அதுவும் அதே வயிற்றில் பிறந்தது. ஜிப்ரால்டர் நீரிணைக்கு ஸ்ட்ரெயிட் என்று பெயர் வந்தது இரு நிலங்களுக்கு நடுவே கடல் ஒடுங்கி ஓடுவதால். கைகளைப் பின்னால் கட்டிவிடும் மேலங்கிக்கு ஸ்ட்ரெயிட் ஜாக்கெட் என்று பெயர். அதையும் இன்று பாதிப்பேர் ஜி, ஹெச் போட்டு எழுதுகிறார்கள், சில அகராதிகள் அதை மாற்று எழுத்தாக ஏற்றும்விட்டன. நீங்கள் எடுத்திருக்கும் தொடரில் மட்டும் ஜி, ஹெச் இருந்தால் அச்சுப்பிழை என்றே கொள்ளுங்கள். உங்கள் மின்பதிப்பைத் தட்டச்சு செய்தவரோ, ‘திருத்திய’ கணினியோ காரணமாக இருக்கும். ஒளிநகல் கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் மத்தேயு 7:14இல் வாசலைப் பற்றி வருவது இதே ஸ்ட்ரெயிட்தான், ஜி, ஹெச் இல்லாதது. அதை ‘நேரான வாசல்’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயர்கள் ஏராளம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஏமாறவில்லை. ‘வாசல் இடுக்கமும், வழி நெருக்கமுமாயிருக்கிறது’ என்று அடித்துச் சொல்லிவிட்டது. இடுக்கம். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது, வரிசைப்படுத்திக் கேட்டீர்களே. அந்த வரிசை கிடையாது. அகராதிகள் எல்லாவற்றையும் வறுமை என்ற ஒரே கூடையில் கொட்டுவதால், ஏதோ சின்னதிலிருந்து பெரியது வரை படிப்படியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆங்கிலேயர்கள் இந்தச் சொற்களைக் கையில் காசு எவ்வளவு குறைவு என்று பார்த்துப் பிரிக்கவில்லை. அந்த ஆள் இதற்கு முன் யாராக இருந்தார், இப்போது அவரைப் பற்றிப் பேசுகிறவர் யார் என்பதை வைத்துப் பிரித்தார்கள்.

‘ஸ்ட்ரெயிட்டன்ட் சர்கம்ஸ்டன்சஸ்’ முன்பு வசதியாக இருந்தவருக்கு மட்டுமே வரும். பிறந்ததிலிருந்தே கூலிவேலை செய்யும் குடும்பத்தைப் பற்றி ஒரு விக்டோரியா காலத்து ஆள் இந்தத் தொடரை எழுதமாட்டார், அவர்கள் ‘புவர்’, அவ்வளவுதான். அகலமாக இருந்த ஒன்றுதான் ஒடுங்க முடியும். இதன் கூடப்பிறந்தது ‘ரெடியூஸ்டு சர்கம்ஸ்டன்சஸ்’. அங்கேயும் குறைவதற்கு முன்னால் ஏதோ இருந்தாக வேண்டும். 1897இல் எலிசபெத் ஃபின் என்ற அம்மையார் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார். பெயரே ‘டிஸ்ட்ரெஸ்டு ஜென்டில்ஃபோக்ஸ் எய்ட் அசோசியேஷன்’. அதாவது, நொந்துபோன கண்ணியவான்களுக்கு உதவி. சாதாரண ஏழைகளோடு அவர்களை ஒரே வரிசையில் நிற்கவைக்க மனம் வராததால், சொல்லும் தனி, சங்கமும் தனி.

உங்கள் பாதிரியார் குடும்பம் இதற்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு. கிராமத்துப் பாதிரியாருக்கு வருமானம் அந்தத் திருச்சபைப் பதவியோடு ஒட்டியது. குடியிருந்த வீடும் பதவியோடு வந்தது. அவர் கண்ணை மூடினால் இரண்டும் அன்றோடு சரி. அடுத்து வருகிற பாதிரியாருக்கு வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சேமிப்பு இருந்தால் அதன் வட்டி, இல்லையென்றால் ஆண்பிள்ளைகளின் தயவு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அப்பாவும் பாதிரியார்தான். 1805 ஜனவரியில் பாத் நகரில் இறந்தார். அம்மாவுக்கும் கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கும் வரும்படி சட்டென்று சுருங்கியது. சகோதரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் போட்டுக் கொடுத்தார்கள். வாடகை அறைகள், உறவினர் வீடுகள் என்று மாறி மாறி இருந்தார்கள். 1809இல் எட்வர்டு என்ற சகோதரர் சாட்டன் கிராமத்தில் தன் நிலத்தோடு சேர்ந்த ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்த பிறகே கால் நிலைத்தது. அந்த ஆண்டுகளுக்கு இந்தத் தொடரைத்தான் போடுவார்கள். பட்டினி கிடந்தார்களா? இல்லை. வண்டி கிடையாது, வேலையாட்கள் குறைவு, புது உடை வாங்க யோசிக்க வேண்டும், எங்காவது போக வேண்டுமென்றால் அண்ணன்தம்பியில் ஒருவர் வந்து அழைத்துப்போக வேண்டும். அதுதான் இடுக்கம்.

அதனால் உங்கள் நூலில் வேலைக்காரி இருப்பது முரண் அல்ல. முன்பு மூன்று பேர் இருந்திருப்பார்கள், இப்போது ஒருத்தி. அந்தக் காலத்தில் அந்த ஒருத்தியையும் அனுப்பிவிட்டால் குடும்பம் நடுத்தர வர்க்கத்திலிருந்தே விழுந்ததாக அர்த்தம். அதனால் மற்ற எல்லாவற்றையும் குறைத்துவிட்டு அவளை வைத்திருப்பார்கள். பியானோவும் ஆடம்பரம் அல்ல. பெண் நாளைக்கு ஏதாவது ஒரு பணக்கார வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸாகப் போக வேண்டிவரும். இசை தெரிந்தால் சம்பளம் கூடும். என் ஊகம் சரி என்றால் இன்னும் சில பக்கங்களில் மூத்தவள் வேலைக்குப் போவாள்.

தமிழுக்கு என்ன போடுவது? ‘வாழ்ந்து கெட்ட குடும்பம்’ என்று உடனே வாயில் வரும். நல்ல சொல், ஆனால் இங்கே கனம் கூடிவிடும். கெட்டேவிட்டது, இனி எழ வழியில்லை என்ற ஒலி அதில் உண்டு. உங்கள் அம்மாள் தலைநிமிர்ந்து எழுதுகிறார். ‘பணமுடை’ எதிர்ப்பக்கம் லேசாகிவிடும். முடை என்றால் இன்றைக்கு இல்லை, அடுத்த மாதம் வந்துவிடும் என்கிற மாதிரி. ஆண்டுக்கணக்கான நிலைக்கு அது போதாது. ‘கையிறுக்கம்’ கிட்டத்தட்ட ஆங்கிலப் பொருளேதான், பேச்சுவாடையும் உண்டு. உங்கள் நடைக்கு ஒத்துவருமானால் அதையே போடுங்கள். இல்லையென்றால் ‘வரும்படி சுருங்கி, செலவை இறுக்கிப்பிடித்து வாழ்ந்தோம்’ என்று அவிழ்த்து எழுதிவிடலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கணக்கு வைத்து எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அது இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். இது எழுத்துக்கான தொடர். இன்றைக்கு யாரும் கடைவாசலில் நின்று ‘நான் ஸ்ட்ரெயிட்டன்ட் சர்கம்ஸ்டன்சஸில் இருக்கிறேன்’ என்று சொல்வதில்லை, சொன்னால் வேடிக்கையாக இருக்கும். பேச்சில் ‘திங்ஸ் ஆர் டைட்’ என்பார்கள். சொல் மாறியிருக்கிறது, இறுக்கம் மாறவில்லை.

பழைய கச்சேரி

மெய்ப்புக்காரர் ஐயா சொன்னதோடு நீதிமன்றப் பக்கத்தையும் சேர்க்கிறேன். பல வருடங்கள் தீர்ப்புகளையும் மனுக்களையும் தமிழாக்கம் செய்து பிழைத்தவன் நான். சித்தப்பாவை என்னிடம் விடுங்கள்.

‘பாங்க்ரப்ட்’ இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ‘பாங்கா ரோட்டா’, உடைந்த பலகை. காசு மாற்றுகிறவர் முன்னால் போட்டிருக்கும் பலகைதான் பாங்கா. இன்று பேச்சில் கையில் காசில்லாத எவனும் பாங்க்ரப்ட் என்கிறான். 1840களில் அப்படி அல்ல. 1571 சட்டத்திலிருந்து இங்கிலாந்தில் வியாபாரி மட்டும்தான் சட்டப்படி பாங்க்ரப்ட் ஆக முடியும். 1861 சட்டம் வந்த பிறகே மற்றவர்களுக்கும் அந்த வழி திறந்தது. நிலக்கரி வியாபாரி என்பதால் உங்கள் சித்தப்பாவுக்கு அந்தச் சொல் சரியாகவே வருகிறது.

வியாபாரி அல்லாதவர் கடனில் மூழ்கினால்? அவர் ‘இன்சால்வென்ட் டெப்டர்’. கடன்கொடுத்தவர் நினைத்தால் சிறையில் தள்ளலாம். சார்லஸ் டிக்கன்ஸின் அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். மாதச் சம்பளக்காரர், வியாபாரி அல்ல. 1824இல் ஒரு ரொட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். பையனுக்கு அப்போது 12 வயது, காலணி மெழுகு தயாரிக்கும் இடத்தில் வேலைக்குப் போனான். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அவர் கடை வைத்திருந்தால் பாங்க்ரப்ட் வழியில் தப்பியிருக்கலாம் என்பது பலர் கவனிக்காத விஷயம். வியாபாரி தன் சொத்து முழுவதையும் ஒப்படைத்து, ஒழுங்காக ஒத்துழைத்தால் சான்றிதழ் கொடுத்துக் கடனிலிருந்தே விடுவிப்பார்கள். எழுத்தருக்கு அந்த யோகம் இல்லை. கடனுக்குச் சிறை என்பது 1869 சட்டத்தோடுதான் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

எனவே சித்தப்பாவுக்கு வறுமை என்று எழுதவே கூடாது. பாங்க்ரப்ட் என்பது மனநிலையோ வாழ்க்கைத்தரமோ அல்ல, சட்டம் ஒருவருக்குக் கொடுக்கும் பட்டம். ‘திவாலானார்’ என்பது எல்லாருக்கும் புரியும். இன்றைய அரசுத் தமிழில் ‘நொடிப்பு நிலை’ என்கிறோம். எங்கள் கட்சிக்காரர்கள் ‘ஐ.பி. கொடுத்துட்டான்’, ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்பார்கள். ருசியான பேச்சு, ஆனால் ஆங்கிலேயச் சித்தப்பா வாயில் மஞ்சள் கடுதாசி ஒட்டாது. உங்கள் நூலில் ‘அவர் பெயர் கெஜட்டில் வந்தது’ என்று எங்காவது வருகிறதா பாருங்கள். அரசாங்க விருது என்று நினைத்துவிடாதீர்கள். பாங்க்ரப்ட் ஆனவர்களின் பெயரை லண்டன் கெஜட்டில் போடுவார்கள், அதனால் கெஜட்டில் வருவது என்றாலே திவால்.

இன்னொரு கண்ணிவெடி: ‘டிஸ்ட்ரெஸ்’. அது துயரம்தான். ஆனால் வீட்டு வாடகை பேச்சு நடக்கும் இடத்தில் ‘டிஸ்ட்ரெஸ்’ வந்தால், வாடகைப் பாக்கிக்காகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவது. ஜப்தி மாதிரி, ஆனால் அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகாமலே செய்ய முடிந்தது. இதுவும் மெய்ப்புக்காரர் சொன்ன அந்த ‘இறுக்கிக் கட்டு’ என்ற இலத்தீன் வேரிலிருந்துதான் வருகிறது.

வானதி

கண்ணிவெடியை மிதிக்க இருந்தேன்! தையல்கார விதவையின் வீட்டில் ‘டிஸ்ட்ரெஸ்’ நுழைந்ததாக ஒரு வரி இருக்கிறது. வீட்டுக்காரர் பற்றிய பத்தியில்தான். மிக்க நன்றி.

மெய்ப்புக்காரர் ஐயா, மூத்தவள் அத்தியாயம் முடிவதற்குள் கவர்னஸாகப் போகிறாள். இந்த நூலை ஏற்கெனவே படித்துவிட்டீர்களா என்ன?

‘டெஸ்டிட்யூட்’, ‘பெனுரியஸ்’ இரண்டும் மிச்சம். பெரிய அத்தையிடம் இரண்டு குதிரை வண்டி இருக்கிறது. அவர் எந்தக் கணக்கில் வறியவர்?

மெய்ப்புக்காரர்

படிக்கவில்லை அம்மா. அந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கௌரவம் கெடாமல் சம்பாதிக்க வேறு வழி அதிகம் இல்லை, அதனால் சொன்னேன்.

அத்தை வறியவர் அல்ல, கருமி. ‘பெனுரி’ என்ற பெயர்ச்சொல் பொதுவாகக் கடும் வறுமையைக் குறிக்கும். அதன் உரிச்சொல் ‘பெனுரியஸ்’ இரண்டு பக்கமும் வெட்டும். காசில்லாதவரையும் குறிக்கும், காசிருந்தும் அவிழ்க்காதவரையும் குறிக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியை எண்ணுங்கள். அவ்வளவுதான். ‘கஞ்சம்’ பொதுவாகப் போதும். அத்தையைக் கொஞ்சம் மதிப்போடு திட்ட விரும்பினால் ‘கையிறுக்கம்’ என்று வரும், ஆனால் அதை அம்மாவுக்குச் செலவழித்துவிட்டீர்கள். தமிழில் கையிறுக்கமும் இரண்டு பக்கம் வெட்டுவதைக் கவனித்தீர்களா? காசில்லாதவனுக்கும் அது, கொடுக்காதவனுக்கும் அதுவே. ஆகவே ஒரே நூலில் இரண்டு இடத்திலும் போட்டால் குழப்பம். அம்மாவுக்கு அவிழ்த்து எழுதுங்கள், அத்தைக்குக் கருமி என்று வையுங்கள்.

‘டெஸ்டிட்யூட்’ பற்றிக் கச்சேரி சொல்லட்டும், அவருக்கு அதில் அனுபவம் அதிகம்.

பழைய கச்சேரி

சொல்கிறேன். ‘டெஸ்டிட்யூட்’ இலத்தீனில் ‘கைவிடப்பட்ட’ என்ற பொருளிலிருந்து வந்தது. காசில்லை என்பதோடு, ஆளும் இல்லை என்ற சாயல் இன்றைக்கும் அதில் இருக்கிறது. தையல்கார விதவைக்கு ‘ஆதரவற்ற’ என்று போட்டால் அரசுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கும். ‘நிர்க்கதியாக நின்றவள்’ நன்றாக இருக்கும். பிரிட்டனில் 1999 குடியேற்ற, புகலிடச் சட்டம் இந்தச் சொல்லுக்கு வரையறையே கொடுக்கிறது: தங்கப் போதுமான இடமில்லாதவர், அல்லது இடம் இருந்தும் மற்ற அத்தியாவசியத் தேவைகளைச் சமாளிக்க முடியாதவர். புகலிடம் கோருகிறவர்களுக்கு உதவித்தொகை உண்டா இல்லையா என்பதே அந்தச் சொல்லில் தொங்குகிறது.

‘டெஸ்டிட்யூட் ஆஃப்’ என்று வந்தால் மட்டும் பணத்தை மறந்துவிடுங்கள். அது வெறும் ‘இல்லாத’. இரக்கம் இல்லாத, அறிவு இல்லாத என்ற மாதிரி.

‘பாப்பர்’ என்ற சொல் வந்தால், அது 1834 ஏழையர் சட்டக் காலத்தில் அரசு உதவி வாங்குகிறவர் என்ற பதிவேட்டுச் சொல். வசை மாதிரி ஒலிக்கும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில்கூட நீதிமன்றக் கட்டணம் கட்ட முடியாதவருக்கு ‘பாப்பர்’ என்றே பெயர் இருந்தது. 1976 திருத்தத்தில் எடுத்துவிட்டு ‘இண்டிஜென்ட் பெர்சன்’ என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் 1963இல் கிடியன் வழக்கில், வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றவாளிக்கூண்டு மனிதனுக்கு மாநிலமே வக்கீல் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அங்கேயும் அந்த மனிதரைக் குறிக்கும் சொல் ‘இண்டிஜென்ட்’. நல்ல சொல்தான், ஒரே தொல்லை, பூர்வகுடி என்ற பொருளுள்ள ‘இண்டிஜினஸ்’ஸோடு குழப்பி, ‘பூர்வகுடி மனுதாரர்’ என்று தட்டச்சான ஒரு மனுவை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு ஒரு துணுக்கு. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜெரமி பெந்தாம் வறுமைக்கும் ‘இண்டிஜென்ஸ்’ஸுக்கும் கோடு போட்டுப் பிரித்தார். உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலை வறுமை. உழைக்கவே முடியாமல், அல்லது உழைத்தும் கிடைக்காமல் நிற்பது இண்டிஜென்ஸ். அவர் கணக்குப்படி நம்மில் பெரும்பாலானவர்கள் வறியவர்கள்தான்.

பாட்டுப்பித்தன்

நான் பண்டிதன் அல்ல, ஆனால் ‘இம்பெக்கூனியஸ்’ என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. கையில் பணமே இல்லாதவர் என்று பொருள். ‘பெக்கூனியா’ என்றால் இலத்தீனில் பணம். அது ‘பெக்கஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதாவது ஆடுமாடு. மந்தை இருந்தவனே பணக்காரன். நமக்கும் அதேதானே! ‘கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற குறளில் மாடு என்றால் செல்வம். ஆக இம்பெக்கூனியஸ் என்பவன் மாடில்லாதவன்.

வானதி அக்கா, அம்மாவின் நிலைக்கு ‘நல்குரவு’ போடலாமே? குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ‘மிடி’யும் அழகான சொல்.

மெய்ப்புக்காரர்

மாட்டுக் கணக்கு அருமை, அதை வாங்கிக்கொள்கிறேன். நல்குரவு வேண்டாம் தம்பி. பியானோ உள்ள வீட்டில் நல்குரவு நுழைந்தால் இருவருக்கும் சங்கடம். மிடியும் அப்படியே. அழகான சொல் என்பதற்காக ஒரு சொல்லைப் போடக்கூடாது.

‘இம்பெக்கூனியஸ்’ஸில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். அதன் நீளமே காரணம். சொந்தக்காரப் பையன் அடிக்கடி கடன் கேட்டு வருகிறான் என்று கிண்டலாக எழுதும் இடத்தில் வரும். பசியால் சாகிறவரைப் பற்றி அந்தச் சொல்லை எழுதினால் எழுதினவருக்கு இதயமில்லை என்று தோன்றும்.

கடல்கடந்தவன்

கொஞ்சம் விலகிய கேள்வி, மன்னிக்கவும். பழைய நூல் பேச்சு நடுவில் நடப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் என் ஓய்வூதியக் கணக்குப் படிவத்தில் ‘ஹார்ட்ஷிப் வித்ட்ராயல்’ என்று ஒரு வழி இருக்கிறது. நான் கஷ்டத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்வது போல இருக்கிறது, போடவே கூச்சமாக இருக்கிறது. இந்த ஹார்ட்ஷிப் எந்த ரகம்?

பழைய கச்சேரி

கூச்சமே வேண்டாம். அங்கே ‘ஹார்ட்ஷிப்’ உங்களைப் பற்றிய சொல் அல்ல, செலவைப் பற்றிய சொல். 401கே கணக்கு விதிகளில் அதற்கு அளவுகோல் ‘உடனடியான, பெரிய பணத்தேவை’. மருத்துவச் செலவு, வீட்டை விட்டு வெளியேற்றாமல் தடுப்பதற்கான தொகை, ஈமச்செலவு போன்றவை அதில் வரும். மாதச் சம்பளம் நன்றாக வாங்குகிறவருக்கும் அப்படி ஒரு செலவு வரலாம். எடுத்த தொகைக்கு வழக்கமான வருமான வரி உண்டு, அதைத் திருப்பிக் கட்டவும் முடியாது, கடன் அல்ல அது. அதை மட்டும் யோசித்துப் போடுங்கள். கஷ்டக்காரன் என்ற முத்திரை எதுவும் குத்தமாட்டார்கள்.

விரைவுரயில்

பேச்சு ஆங்கிலத்துக்கு என்ன போடுவது? நண்பர்களிடம் பெனுரி, இண்டிஜென்ட் எல்லாம் சொன்னால் அடிப்பார்கள்.

கடல்கடந்தவன்

இங்கே ‘ஐ ஆம் புரோக்’, அவ்வளவுதான். பிரிட்டனில் இருக்கும் என் தங்கை ‘ஸ்கின்ட்’ என்பாள், தோலை உரித்த மாதிரி என்று அர்த்தமாம். இரண்டும் இந்த வாரக் கதைதான். சம்பளம் வந்தால் சரியாகிவிடும். ‘புரோக்’ என்று சொல்கிறவன் சிரித்துக்கொண்டே சொல்வான். உண்மையிலேயே முடியாதவன் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. ‘பிரெட்லைன்’ மட்டும் கவனம்: அங்கே வறுமைக்கோடு, இங்கே இலவச ரொட்டிக்கு நிற்கும் வரிசை.

வானதி

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

‘அப்பா போனபின் பாதிரியார் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர்க்கோடியில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்தோம். வரும்படி சுருங்கிவிட்டது. ஹன்னாவை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றச் செலவுகளை இறுக்கிப்பிடித்து வாழ்ந்தோம்.’

சித்தப்பா ‘திவாலானார்’. தையல்கார விதவை ‘நிர்க்கதியாக’, அவள் வீட்டில் வாடகைப் பாக்கிக்கு ‘சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்’. அத்தை கருமி.

ஒளிநகலும் கிடைத்துவிட்டது. எல்லா இடத்திலும் ஜி, ஹெச் இல்லை. மின்பதிப்புதான் குற்றவாளி.

மெய்ப்புக்காரர்

நன்றாக இருக்கிறது. ‘சிறிய வீட்டுக்கு வந்தோம்’ என்பதை ‘சிறிய வீட்டுக்குக் குடிவந்தோம்’ என்று மாற்றுங்கள். ஹன்னா யார் என்பது முந்தைய பக்கத்தில் வந்திருந்தால் சரி, இல்லையென்றால் ‘வேலைக்கு ஹன்னாவை மட்டும்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். மூலத்தில் ‘ஸ்ட்ரெயிட்டன்ட்’ மறுபடி வந்தால் இதே வாக்கியத்தைத் திரும்பப் போடாமல் ‘அந்த இறுக்கமான வருடங்களில்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.